ரத்தம் சுமந்த மோட்டார் சைக்கிள்கள்



"அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் போதும். நம் பசுமலைப் பையன்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம், யானைக்கல், ஏ.வி. பாலம் என்று புகுந்து, ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு நூறு வருட வரலாறு உண்டு. இன்று அதைச் சொல்கிறேன்.

1901-இல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1921-இல் லண்டனில் பெர்சி ஆலிவர் என்ற செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர், ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியலை வீட்டிலேயே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் பொருத்தமான ஆள் கிளம்பிப் போவார். ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் பரவாத காலம். ஆளே போனால்தான் உண்டு.

1937-இல் சிகாகோவில் டாக்டர் பெர்னார்ட் ஃபேன்டஸ், உறையாமல் பக்குவப்படுத்திய ரத்தத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அதற்கு "ரத்த வங்கி" என்று பெயரும் வைத்தார். அதன்பிறகு ஆள் போக வேண்டியதில்லை, ரத்தம் போனால் போதும் என்றாயிற்று.

அந்த ரத்தத்தை ராத்திரியில் யார் கொண்டுபோவது? இங்கிலாந்தின் தென்கிழக்கில் 1981-இல் 'சர்வ்' என்ற அமைப்பு தொடங்கியது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள், இரவிலும் விடுமுறை நாட்களிலும் முறைவைத்து மோட்டார் சைக்கிளில் ரத்தம், பரிசோதனை மாதிரிகள், குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் எல்லாம் கொண்டுபோனார்கள். சம்பளம் கிடையாது. இப்படிப் பல ஊர்களில் முளைத்த குழுக்கள் 2008-இல் ஒரு தேசியச் சங்கமே அமைத்துக்கொண்டன.

நம் நாட்டில் ரத்தத்தை விலைக்கு விற்கும் வழக்கத்தை ஒழிக்க 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; 1998 முதல் தடை வந்தது. நல்ல காரியம். ஆனால் தானாக முன்வந்து கொடுப்பவர்கள் போதாத இடங்களில், "ஆள் கூட்டிவாருங்கள்" என்று உறவினர்களிடமே சொல்கிறார்கள். அதனால் நம் ஊர் வண்டிகளில் ரத்தம் போவதில்லை, இன்னும் ஆள்தான் போகிறார். அந்த வகையில் நாம் ஆலிவர் காலத்தில்தான் இருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. மூன்று பையன்கள் பறந்து போனார்கள். அவர்கள் ரத்தம் அந்தப் பெண்ணுக்கு ஏறவில்லை. எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா என்று ஐந்து சோதனை முடிந்த பிறகே ரத்தத்தை ஏற்ற முடியும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அவளைக் காப்பாற்றியது, யாரோ முன்பே கொடுத்துப் பெட்டியில் இருந்த ரத்தம். கொடுத்தவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

அப்படி இருக்கும் ரத்தமும் வெகுநாள் தாங்காது. சிவப்பணு 35 முதல் 42 நாள். டெங்கு காலத்தில் தேடி அலைகிறோமே, அந்தத் தட்டணு 5 நாள்தான். ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, வாரந்தோறும் பத்துப் பேர் கொடுப்பதே பயன்.

இன்னொன்று. ரத்தப் பையை உங்கள் கையில் கொடுத்தால் பாலித்தீன் பையில் போட்டுச் சித்திரை வெயிலில் எடுத்துப் போகாதீர்கள். குளிர்காப்புப் பெட்டி கேளுங்கள். பை நேரடியாக ஐஸில் படவும் கூடாது.

18 முதல் 65 வயதுவரை உடல்நலம் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைகளே, வாட்ஸ்அப் செய்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எந்த ரத்த வங்கி திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.