தாலியும் தாளும்

கோப்பெங் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் மணவாழ்வுக்கு மஞ்சள் கயிறும் ஊரார் வாழ்த்துமே முதற்சான்று. ஆயினும், முதல் மனைவி கலங்கி நிற்க, இன்னொருத்தியை மணந்தவனை வழக்காறு தடுக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்தபின்னரே, முஸ்லிம் அல்லாதாரிடையே ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பது சட்டமாயிற்று; பதிவும் கட்டாயமாயிற்று. முன்னரே வழக்கப்படி மணந்து வாழ்ந்தோரைப் பதிவு பெற்றோராகவே அச்சட்டம் கருதியது. தாத்தாவும் பாட்டியும் அலுவலகப் படியேறாமலே பதிவுத் தம்பதியர் ஆயினர்!

மணந்து ஈராண்டு நிறையுமுன் மணவிலக்குக் கோருவதை அச்சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஊடலின் இயல்பறிந்த சட்டம் போலும்! திருக்குறளின் நிறைவு அதிகாரமும் ஊடலுவகையன்றோ? கைப்பேசியில் முகம் புதைத்த இக்காலத் தம்பதியர்க்கோ ஊடவும் நேரமில்லை. மாணவச் செல்வங்களே, தாள் உரிமையைக் காக்கும். அன்பை இருவருமே காத்தல் வேண்டும்.