ஃப்ளாஷ் நினைவகப் பிரிவுகளின் வரலாறு

ரூட்டர், செட்டாப் பாக்ஸ் போன்ற உட்பொதி கருவிகளின் ஃப்ளாஷ் நினைவகச் சில்லைத் தனித்தனிப் பகுதிகளாக வகுப்பதே ஃப்ளாஷ் பிரிவு எனப்படுகிறது. பூட்லோடர், அமைப்புத் தகவல்கள், கெர்னல், கோப்பு முறைமை ஆகியவற்றுக்குத் தனி எல்லைகள் உண்டு. மின்சாரம் வந்ததும் முதலில் இயங்கி, கெர்னலை ஏற்றிவிடும் சிறு நிரலே பூட்லோடர். பிரிவுகளின் எல்லைகளை யார் குறித்து வைப்பது என்ற கேள்வியே இத்துறையின் வரலாற்றை வழிநடத்தியது.

தொடக்கம்

தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் ஃப்ளாஷ் நினைவகத்தை அறிவித்தார். நான்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. இதில் பழைய தகவலை அழிக்க வேண்டுமானால் ஒரு தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். எனவே ஒவ்வொரு பிரிவும் தொகுதியின் எல்லையில் தொடங்குவது அவசியம்.

ஐபிஎம் பிசியின் வன்தட்டில் பிரிவு அட்டவணை 1983 முதல் தட்டின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. உட்பொதி கருவிகள் பலவற்றில் செயலி முதலில் படிக்கும் இடத்தில் பூட்லோடர் இருந்ததால், அட்டவணைக்கு அங்கே இடமில்லை. ஆகவே லினக்ஸில் எல்லைகள் பலகைவாரியாகக் கெர்னல் நிரலிலேயே எழுதப்பட்டன. அதே எல்லைகளைப் பூட்லோடரும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தால் கருவி தொடங்காது. ரெட் ஹாட்டின் ரெட்பூட், ஃப்ளாஷின் ஒரு தொகுதியிலேயே அட்டவணையை வைத்து இதற்குத் தீர்வு கண்டது.

யு-பூட்டின் வழி

வூல்ஃப்காங் டெங்க் வளர்த்த பிபிசிபூட், 2002-இல் யு-பூட் எனப் பெயர் மாறியது. இதில் எல்லைகளை ஒரு வரியாக எழுதி, கெர்னல் தொடங்கும்போது அதனிடம் ஒப்படைக்கலாம். எடுத்துக்காட்டாக, 128 கிலோபைட் தொகுதிகள் கொண்ட 8 மெகாபைட் சில்லில் மொத்தம் 64 தொகுதிகள் உள்ளன. பூட்லோடருக்கு 2, அமைப்புத் தகவல்களுக்கு 1, கெர்னலுக்கு 16 தொகுதிகள் ஒதுக்கினால், எஞ்சிய 45 தொகுதிகள் கோப்பு முறைமைக்குச் சேரும். புதிய கெர்னல் 2 மெகாபைட்டைத் தாண்டினால் அது கோப்பு முறைமையின் தலைப்பகுதியை அழித்துவிடும்.

ரூட்டர் தந்த பாடம்

சென்னையானாலும் விளாத்திகுளமானாலும் வீட்டு ரூட்டருக்குள் இருப்பது இத்தகைய கணினிதான். 2002 டிசம்பரில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் லினக்ஸ் மூலநிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் அதைத் திருத்தத் தொடங்கினர். 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி உருவானது. கெர்னல் பிரிவு கெட்டாலும் பூட்லோடர் வழியே புதிய நிரலை அனுப்பி மீட்க முடிந்தது. பூட்லோடர் பிரிவு அழிந்தாலோ, பலகையில் ஜேடேக் இணைப்பு கொடுத்து எழுத வேண்டியதாயிற்று. அது இல்லாதவர்களுக்கு ரூட்டர் வெறும் செங்கல்லாகிவிடும்.

பின்னைய வளர்ச்சி

நான்ட் சில்லில் பழுதான தொகுதிகள் அவ்வப்போது தோன்றும். நிலையான எல்லைகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2007-இல் லினக்ஸ் 2.6.22-உடன் வந்த யுபிஐ, ஒரே பெரிய பிரிவுக்குள் நெகிழ்வான பாகங்களை அமைத்து, தேய்மானத்தைச் சில்லெங்கும் பகிர்ந்தது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 இரட்டைப் பிரிவு முறையைக் கொண்டுவந்தது; புதுப்பிப்பு தோற்றால் பழைய பிரிவிலிருந்து கருவி தொடங்கும். எனினும் செயலி முதலில் படிக்கும் பூட்லோடரின் இடம் இன்றும் நிலையானதாகவே வைக்கப்படுகிறது. ஆகவே பல கருவிகளில் அப்பிரிவு எழுத இயலாதவாறு பூட்டப்படுகிறது.