அடுத்தவர் பெட்டியில் தமிழ் குடியேறிய கதை

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமாரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட இடம் அதுதான். 1917-இல் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நாடு மலாயா, ஆட்சி ஆங்கிலேயருடையது, துரை பிரெஞ்சுக்காரர், பயிர் செம்பனை. பெயரைப் பாருங்கள், தென்னைமரம்!

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவனுக்கு ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. லயத்து வீட்டின் அளவுகூட இன்னொருவர் போட்ட திட்டம். ஆனாலும் அந்தத் திட்டத்துக்குள் ஒரு மாரியம்மன் கோயில் வந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. சட்டம் சொன்னதே தவிர, பாடம் சொன்னவர் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான். பிறர் கட்டிய அமைப்புக்குள் தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துக்கொள்வது நம்மவர்களுக்குப் பழகிய வேலை.

இன்றைய பிள்ளைகள் இதை ‘மோட்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கணினி விளையாட்டை ஒரு நிறுவனம் செய்து விற்கிறது. வாங்கியவர்கள் அதில் புதிய ஊர், புதிய உடை, சில வேளைகளில் தங்கள் மொழியையே சேர்த்துவிடுகிறார்கள். 1993-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டு, படங்களையும் களங்களையும் தனிக் கோப்பில் வைத்திருந்தது. அந்தக் கோப்பை மாற்றினால் விளையாட்டே மாறிவிடும். அங்கிருந்து இந்தப் பழக்கம் பெருகியது. ஆனால் மோட் செய்வதைவிட அதை நிறுவுவது பெரும்பாடு. விண்டோஸில் ஓடுவது லினக்ஸில் ஓடாது. கோப்பின் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று விண்டோஸ் கவலைப்படாது. லினக்ஸோ இரண்டையும் வெவ்வேறு கோப்பாக எண்ணிக்கொள்ளும். எல்லாத் தளங்களிலும் ஒன்றுபோல் நிறுவித் தரும் கருவிகளை எழுதத் தனியாகவே ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

சரி, இதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்? தமிழே கணினியில் ஒரு மோடாகத்தான் நுழைந்தது. விளையாட்டுக்காக அல்ல, ஒரு கடிதம் எழுதுவதற்காக!

தனிக்கணினி நம் வீடுகளுக்கு வந்தபோது அதில் தமிழ் இல்லை. ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். முதல் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மிச்சமுள்ள பாதியில் தமிழைத் திணிக்க வேண்டும். 247 எழுத்துக்கும் இடம் கிடையாது. காலையும் கொம்பையும் தனியே வைத்து ஒட்டிக்கொள்ளலாம். எதை எங்கே வைப்பது என்பதில்தான் வம்பு. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த இடத்தில் வைத்தார். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தார்கள். ஈழத்தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி அந்த வகை. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாக வந்து விழுந்தது.

மலேசியரான முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய ஆண்டு 1985. கேரித் தீவில் பிறந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் அவர். 1990-களில் அது ‘முரசு அஞ்சல்’ ஆகி மின்மடலுக்கும் இறங்கியது. எழுத்துருவை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் அது நூற்றில் ஒன்றாகப் போயிருக்கும். தட்டும் முறையையும் சேர்த்துக் கொடுத்ததில்தான் அதன் பலம். ஆங்கில விசைப்பலகையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் ‘அம்மா’ வரும். தட்டச்சே படிக்காத ஒருவர் அரை மணியில் பழகிவிடலாம். தமிழை ஆங்கில ஒலி வழியாகத் தட்டுவதா என்று தமிழறிஞர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் விரல் பழகிவிட்டால் பெட்டி மாறினாலும் பழக்கம் மாறாது. பல தளங்களுக்கும் கருவி செய்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையோடு 1995-இலேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997-இல் அங்கே தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னை மாநாடு ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தந்தது. உலகமெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்மடலிலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 2000-இல் உத்தமம் அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. பொதுத்தரம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். எது பொதுத்தரம் என்று கேட்டால்தான் பல மனம்!

இதற்கிடையில் 1991-இல் வெளியான யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்? ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே கொம்பு, ககரம், கால் என்று மூன்றையும் வைப்பார்கள். யூனிகோடு உச்சரிக்கும் வரிசையில் முதலில் ககரத்தையும் பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறது. கொம்பை முன்னுக்கு இழுத்துக் காட்டும் வேலை இயங்குதளத்தின் பொறுப்பு. அந்த வித்தை தெரியாத பழைய விண்டோஸில் யூனிகோடு தமிழ் சிதறித் தெரிந்தது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. மெக்கிந்தாஷில் ‘இணைமதி’ இடம்பெற்றதற்கும் முத்து நெடுமாறனின் உழைப்பே காரணம். அதுவரை தளத்துக்குத் தளம் தனி வைத்தியம்தான்.

இன்னொரு பக்கம் ‘தமிழா’ குழுவின் தன்னார்வலர்கள் ‘எ-கலப்பை’ என்ற இலவசக் கருவியைத் தந்தார்கள். பெயரிலேயே உழவு இருக்கிறது. அது ‘கீமேன்’ என்ற பொதுக்கருவியின் மேல் ஏறி நின்றது. கீமேனின் உத்தி எளிது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற விதிகளைத் தனிக் கோப்பில் எழுதிவிட வேண்டும். கருவி அதைப் படித்து நடந்துகொள்ளும். ‘டூம்’ தன் களங்களைத் தனிக் கோப்பில் வைத்ததும் இதே உத்திதான். 2015-இல் கீமேன், எஸ்ஐஎல் என்ற மொழி ஆய்வு அமைப்பின் கைக்குப் போனது. பின்னர் திறமூலமாகி விண்டோஸ், மெக்கிந்தாஷ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று எல்லாவற்றிலும் ஓடுகிறது.

2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் அறிமுகமாகித் தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுபோனது. 2013-இல் ஐபோனிலேயே அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு விசைமுகங்களும் இருந்தன. 2019-இல் விண்டோஸ் 10 தமிழ் 99-ஐச் சேர்த்துக்கொண்டது. இன்று பெஸ்தாரி ஜெயாவில் கைப்பேசி வாங்கும் பிள்ளை எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று 2007 வரை அழைக்கப்பட்ட அதே ஊர்தான். வாடகைக்கு வந்த தமிழ் வீட்டுக்காரர் ஆகிவிட்டது.

பழைய கோப்புகளின் கதிதான் கவலைக்குரியது. விளையாட்டின் புதிய பதிப்பு வந்ததும் பழைய மோட் உடைவதுபோல, 1990-களில் தனி எழுத்துருக்களில் தட்டிய தமிழ் இன்றைய கணினியில் உடைந்து நிற்கிறது. வட சிலாங்கூருக்கு இது சின்ன விஷயமில்லை. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்கள் 1990-களில் கைமாறின. மக்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. இப்படிக் கலைந்துபோகும் தோட்டத்தில் கோயில் கும்பாபிஷேக மலரும் பள்ளி ஆண்டு மலரும் எத்தனையோ குடும்பங்களின் பெயர் சேர்ந்திருக்கும் ஒரே ஏடாக இருக்கலாம். அந்தக் காலத்தில்தான் அச்சகங்களும் கணினிக்கு மாறிக்கொண்டிருந்தன.

மீட்க முடியாத காரியம் அல்ல. கோப்பில் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, அது பாமினியா திஸ்கியா வேறா என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய மாற்றியில் கொடுத்தால் பெரும்பகுதி யூனிகோடாக வந்துவிடும். பிறகு ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். கால் குறிக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருப்பவர்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. ஆட்பெயரில் அந்தப் பிழை இருந்தால் எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த லயத்தில் குடியிருந்த ஒருவர்தான் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்துத் திருத்த வேண்டும்.