யானைக்குப் பயிற்சி, ஆளுக்கு?

போன ஞாயிறு, ஊரிலிருந்து வந்த மச்சானைச் சாத்தம் மர ஆலைக்குக் கூட்டிப் போனேன். ஆங்கிலேயர் 1883ல் தொடங்கிய ஆலை. "இத்தாம் பெரிய மரத்தையெல்லாம் அந்தக் காலத்துல யாரு மாமா இழுத்தா?" என்றார். காட்டில் யானைதான் என்றேன். அப்போது ஆரம்பித்த யோசனைதான் இந்தப் பதிவு.

யானையைப் பிடித்த கையோடு மரம் இழுக்க விடமாட்டார்கள். பக்கத்து பர்மாவில் இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். சுமார் 5 வயதில் பழக்கத் தொடங்குவார்கள். பிறகு பல வருடம் சில்லறைச் சுமைதான். முழு வேலை 17, 18 வயதுக்கு மேல்தான். பழக்கிய விதம் கொடுமை, அது வேறு கதை. ஆனால் அத்தனை வருடம் தீனி போட்டுக் காத்திருந்தார்கள் இல்லையா?

அதே ஆங்கிலேயர் இங்கே ஆட்களை எப்படி வேலை வாங்கினார்கள்? 1906ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பாருங்கள். அலிப்பூர் வழக்கில் 1909ல் தண்டனை பெற்ற பாரீந்திர குமார் கோஷ் போன்ற படித்த இளைஞர்கள் இங்கே வந்தார்கள். செக்கில் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது சுமார் 13.6 கிலோ, ஆட்டித் தரவேண்டும். குறைந்தால் தண்டனை. கோவைச் சிறையில் நம் வ.உ.சி. இழுத்ததும் செக்குதான்.

சிறையும் வேலையிடமும் ஒன்றல்ல. அங்கே நோக்கமே வதைப்பதுதான். ஆனாலும் பி.காம். படித்தவன் கண்ணில் கணக்குதான் முதலில் படும். யானை காசு போட்டு வாங்கிய சொத்து, செத்தால் நட்டம். கைதி இலவசம், செத்தால் அடுத்த கப்பலில் இன்னொருவன்.

இந்தக் கணக்கு சிறையோடு முடியவில்லை. நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டாம் நாளே கேஷ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். நோட்டு எண்ணக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. சாயங்காலம் 2,000 ரூபாய் குறைந்தது. கட்டியது நான்தான். சொல்லித் தராதவர்களுக்குப் பைசா செலவில்லை.

1984ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். அதுவும் தொழிற்சாலைக்குத்தான். வங்கிக் கவுண்டருக்கு நம் மனசாட்சிதான் சட்டம்.

போன மாதம் எங்கள் கிளையில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். ஆள் பற்றாக்குறைதான். இருந்தும் பத்து நாள் பழைய கேஷியர் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். வரிசை நீண்டது, வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கினேன். பரவாயில்லை. யானைக்குக் கிடைத்த அவகாசத்தில் கொஞ்சமாவது அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா?