மூன்று ஓநாய்களும் ஒரு வட்டமும்

1867. வட இந்தியாவின் புலந்த்சகர் பக்கத்துக் காட்டில் வேட்டைக்குப் போன சிலர் ஓர் ஓநாயைத் துரத்தினார்கள். அது ஒரு குகைக்குள் புகுந்தது. அதை ஒட்டியே இன்னொரு உருவமும் நாலு காலில் உள்ளே நுழைந்தது. குகை வாயிலில் தீ மூட்டிப் புகை போட்டார்கள். வெளியே பாய்ந்த ஓநாயைச் சுட்டுத் தள்ளினார்கள். அதன் பின்னால் வந்த உருவத்தைப் பார்த்ததும் துப்பாக்கிகள் தாழ்ந்தன. அது ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன்.

அந்தக் காலப் பதிவுகள் சொல்லும் கதை இது. பையனை ஆக்ரா அருகே சிகந்தராவில் இருந்த பாதிரிமார்களின் அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். வந்து சேர்ந்தது சனிக்கிழமை என்பதால் 'சனிச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவன் பச்சை இறைச்சியைத்தான் விரும்பினான். எழுந்து நடக்கப் பழகினான், ஆனால் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. 1895-இல் இறந்துபோனான். அவனுக்கு முன்பே அயோத்திச் சீமையில் இப்படிப் பல கதைகள் உலவின. ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைத் திரட்டி 1852-இல் சிறு நூலாகவே அச்சிட்டிருந்தார். பெற்றோர் கைவிட்ட குழந்தைகளையே ஓநாய் வளர்த்ததாக ஊர் நம்பியிருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். கதையோ ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கவில்லை. அது ஊர் ஊராக நடந்து லாகூரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது.

அந்த வீட்டுக்காரர் லாகூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர், ஜான் லாக்வுட் கிப்ளிங். இந்திய விலங்குகளைப் பற்றி 1891-இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஓநாய்ப் பிள்ளைகளின் கதையும் இடம்பெற்றது. மகன் ருட்யார்ட், பம்பாயில் பிறந்தவர். பதினேழு வயதுகூட நிறையாத நிலையில் லாகூர்ப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பின் இங்கிலாந்து போய், இளம் வயதிலேயே புகழ்பெற்ற எழுத்தாளராகியிருந்தார். 1892 ஜனவரியில் அமெரிக்கப் பெண் கரோலினை மணந்தார். புதுமணத் தம்பதி உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் ஒரே வங்கியில் இருந்தது.

ஜப்பானின் யோகஹாமா நகரில் ஒரு நாள் காலை, செலவுக்குப் பத்து பவுண்டு எடுக்க வங்கிக்குப் போனார் கிப்ளிங். கூடுதலாகவே எடுத்துக்கொள்ளலாமே என்றார் மேலாளர். கையில் இருந்தால் தொலைந்துவிடும் என்று மறுத்துவிட்டார் கிப்ளிங். அன்றே மறுபடி போனபோது கதவு சாத்தியிருந்தது. வங்கி திவால். ஏறத்தாழ 2,000 பவுண்டு போயே போய்விட்டது. மனைவியோ கர்ப்பிணி. மிச்சப் பயணத்தின் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக் கிடைத்த பணத்தில், அவர்கள் போய்ச் சேர இடம் ஒன்றுதான் இருந்தது.

கரோலினின் சொந்த ஊர்ப் பக்கம், வெர்மான்ட் மாநிலம். மாதம் பத்து டாலருக்கு ஒரு குடிசை வீடு கிடைத்தது. எழுதும் அறையின் நீளமும் அகலமும் ஏழெட்டு அடிதான். குளிர்காலத்தில் பனி ஜன்னல் விளிம்புவரை ஏறியது. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில், பனிக்கு நடுவே உட்கார்ந்து, வேனிலில் தகிக்கும் இந்தியக் காட்டை நினைத்தார் கிப்ளிங். சிறுவயதில் படித்த ஒரு சிங்கக் கதை, சமீபத்தில் படித்த ஒரு நாவலில் ஓநாய்கள் வரும் காட்சி, இரண்டும் மனதில் உரசின. பேனா தானாக ஓடத் தொடங்கியது. சியோனி மலையில் ஒரு ஓநாய்க் குடும்பத்தின் குகைக்குள் தவழ்ந்து வந்தது ஒரு மனிதக் குழந்தை.

சியோனியைக் கிப்ளிங் கண்ணால் கண்டதே இல்லை. படித்ததும் நண்பர்கள் சொல்லக் கேட்டதும்தான் அவர் கையில் இருந்த காடு. அந்தக் காட்டில் ஓநாய்களெல்லாம் பாறையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, மோக்லி என்ற அந்தக் குழந்தையைத் தங்களில் ஒருவனாக ஏற்றன. பாறைமேல் படுத்திருந்த தலைவனுக்கு அகேலா என்று பெயர். பின்னாளில் வயதாகித் தளர்ந்த அகேலாவைச் சொந்தக் கூட்டமே தீர்த்துக்கட்டத் துணிந்தபோது, நெருப்புச் சட்டியோடு வந்து காப்பாற்றியவன் மோக்லிதான். 1894 ஜனவரியில் ஒரு சிறுவர் இதழில் முதல் கதை வெளியானது. மனிதனும் ஓநாயும் உறவானதை அமெரிக்கப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த அதே மாதம், அதே நாட்டின் இன்னொரு மூலையில் ஒரு மனிதர் ஓநாய் ஒன்றுக்காக இரும்புப் பொறிகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

அவர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஓவியர். தூங்கும் ஓநாயை அவர் வரைந்த ஓவியம் 1891-இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பிடித்தது. விறகுவெட்டியைத் தின்ற ஓநாய்களை வரைந்த அடுத்த ஓவியத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனம் சோர்ந்திருந்த நேரத்தில் ஒரு மாட்டுப் பண்ணை முதலாளி கூப்பிட்டார். நியூ மெக்சிகோவில் அவருடைய மாடுகளை ஒரு ஓநாய்க் கூட்டம் அடித்துத் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்தின் தலைவனை லோபோ என்று அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு ஓநாய் என்றே பொருள். அதன் தலைக்கு 1,000 டாலர் விலை. பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு 1893-இல் வந்து இறங்கினார் சீட்டன்.

மாதங்கள் ஓடின. உலோக வாடையும் மனித வாடையும் படாமல் பக்குவம் செய்து விஷ இறைச்சியைத் தூவினார். லோபோ நான்கு துண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அவற்றின்மேல் மலம் கழித்துவிட்டுப் போயிருந்தது என்று பின்னால் எழுதினார் சீட்டன். பொறிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி வெளியே போட்டது. எதற்கும் மசியாத அந்த ஓநாயிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. தடங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது அது சீட்டன் கண்ணில் பட்டது.

தலைவனுக்கு முன்னால் ஒரு சின்னத் தடம் ஓடியிருந்தது. வேறு ஓநாய் அப்படி முந்தினால் லோபோ விட்டுவைக்காது. அது அதன் துணை, வெள்ளைநிறப் பிளாங்கா. சீட்டன் அதற்கென்று பொறி வைத்தார். பிளாங்கா சிக்கியது. குதிரைமேல் வந்தவர்கள் சுருக்குக் கயிறு வீசிக் கொன்றார்கள். அன்று இரவு முழுக்க லோபோவின் ஓலம் பள்ளத்தாக்கில் கேட்டது. தன் எச்சரிக்கையெல்லாம் மறந்து அது துணையின் வாடையைத் தேடி அலைந்தது. சீட்டனோ பிளாங்காவின் வெட்டிய பாதத்தால் மண்ணில் தடம் பதித்து, நூற்றுக்கு மேற்பட்ட பொறிகளைப் புதைத்துவிட்டுக் காத்திருந்தார்.

லோபோ அகப்பட்டது. நான்கு காலையும் நான்கு பொறிகள் கவ்வியிருந்தன. கொல்லக் கை வரவில்லை சீட்டனுக்கு. வாயைக் கட்டி உயிரோடு பண்ணைக்குக் கொண்டுவந்து, சங்கிலியில் பிணைத்து, இறைச்சியும் தண்ணீரும் வைத்தார். அது எதையும் தொடவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. புல்வெளியையே பார்த்தபடி படுத்திருந்தது. 1894 ஜனவரி 31 காலையில் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. பிளாங்கா கிடந்த கொட்டகையிலேயே அதையும் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அதற்குப் பிறகு சீட்டன் பழைய சீட்டனாக இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் லோபோவின் கதையை ஒரு மாத இதழில் எழுதினார். அதில் வில்லன் ஓநாய் அல்ல, கதையைச் சொல்பவரே. 1898-இல் புத்தகமாக வந்தபோது விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. தன் கையெழுத்தின் பக்கத்தில் ஓநாயின் காலடித் தடத்தை வரையத் தொடங்கினார் சீட்டன். கிடைத்த பணத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் நிலம் வாங்கி வேலி போட்டார். அந்த வேலிதான் அடுத்த வம்பை இழுத்துவந்தது.

தாங்கள் சுற்றித் திரிந்த இடத்தைப் புதியவர் ஒருவர் அடைத்துவிட்டாரே என்று ஊர்ப் பையன்களுக்குக் கோபம். வேலியை உடைத்தார்கள், வாயிற்கதவில் ஆபாசப் படம் கிறுக்கினார்கள். போலீசுக்குப் போயிருக்கலாம். 1902-இல் சீட்டன் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், விடுமுறையில் தன் நிலத்தில் வந்து தங்கும்படி அந்தப் பையன்களையே அழைத்தார். நெருப்பைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொன்னார், விலங்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடையே அவருக்கு 'கருப்பு ஓநாய்' என்று பெயர். இந்த அனுபவத்தை ஒரு கையேடாக எழுதி 1906-இல் இங்கிலாந்தில் ஒரு ராணுவ அதிகாரிக்கு அனுப்பினார். அவரும், நினைத்துப் பார்க்க வியப்பாக இருக்கும், ஓர் ஓநாய்தான்.

அவர் பேடன் பவல். 1896-இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மட்டபிலி மக்களோடு நடந்த போரில், இரவு முழுக்க மலைகளில் ஒற்று பார்த்துத் திரிந்ததால் அவருக்கு 'இம்பீசா' என்று பெயர் கிடைத்தது. 'உறங்காத ஓநாய்' என்று அதை அவரே பெருமையோடு மொழிபெயர்த்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஓநாயே கிடையாது. அந்தச் சொல் குறித்தது கழுதைப்புலியை. ஆனால் பிழை நிலைத்துவிட்டது. கருப்பு ஓநாயும் உறங்காத ஓநாயும் 1906 இறுதியில் லண்டனில் சந்தித்தன. அடுத்த ஆண்டு பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கு நடத்திய சோதனை முகாம், 1908-இல் அவருடைய புத்தகம். அப்படிப் பிறந்த சாரணர் இயக்கம் காட்டுத்தீபோலப் பரவியது. தன் யோசனைகளுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று சீட்டன் மனக்கசப்போடு விலகியது தனிக்கதை. பேடன் பவலுக்கோ அதற்குள் வேறொரு தலைவலி தொடங்கியிருந்தது.

தலைவலி தம்பிகளால் வந்தது. அண்ணன் சாரணனாகிவிட்டால் தம்பி சும்மா இருப்பானா? எட்டு ஒன்பது வயதுப் பொடியன்கள் தலைக்குப் பெரிய தொப்பியோடு முகாம்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். பெரியவர்களுக்கான பயிற்சியை அவர்களால் தாங்க முடியாது. அதையே சுருக்கிக் கொடுத்தால் பெரியவனாகும்போது அலுத்துப்போகும். 1914-இல் போட்ட முதல் திட்டத்தில் உயிர் இல்லை. அவர்களுக்குத் தேவை பயிற்சி அல்ல, விளையாட்டு என்று புரிந்தது. விளையாட்டுக்கு ஒரு கதை வேண்டும். கதை கிப்ளிங்கிடம் இருந்தது.

அப்போது கிப்ளிங் இருந்த நிலையே வேறு. வெர்மான்ட்டின் பனியில் பிறந்த மூத்த மகள் ஜோசஃபின் 1899-இல் ஆறு வயதில் நிமோனியாவில் இறந்திருந்தாள். ஒரே மகன் ஜான் 1915 செப்டம்பரில் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் காணாமல் போயிருந்தான். தேடித் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் மோக்லியின் காட்டை அயலார் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சம்மதித்தார் கிப்ளிங். வேரா பார்க்லே என்ற இளம்பெண்ணின் உதவியோடு 1916-இல் பேடன் பவலின் கையேடு வெளியானது. பையன்கள் வட்டமாகக் குந்தி, கைகளைத் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி ஓநாய்போல் ஊளையிட்டார்கள். வணக்கம் வைக்க இரண்டு விரல், அவை ஓநாயின் இரு காதுகள். வட்டத்தின் நடுவே தலைவர். கடல் கடந்து போன கதை இப்போது பிறந்த மண்ணுக்குத் திரும்பவேண்டும். அங்கே வாசல் சாத்தியிருந்தது.

1909 முதலே இந்தியாவில் சாரணர் படைகள் இருந்தன. ஆனால் அவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும். சியோனிக் காட்டிலிருந்து மோக்லியே எழுந்து வந்திருந்தாலும், இந்தியன் என்று வெளியே நிறுத்தியிருப்பார்கள். இந்த அநியாயத்தை மெட்ராஸில் ஒருவர் பொறுக்கவில்லை. அடையாற்றில் இருந்த அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனி இயக்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்த இயக்கத்தைத் தன் இயக்கத்தோடு சேர்த்துக்கொள்ளவேண்டியதாயிற்று. கதவைத் தட்டித் திறந்த அம்மையாருக்கு, இறுதிக் காலத்தில் சாரணர் இயக்கத்தின் உயரிய விருது தேடி வந்தது. விருதின் பெயர் வெள்ளி ஓநாய்.

விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-இல் பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றாகி, பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது. தமிழ்நாட்டில் அந்தப் பொடியன்களுக்கும் ஒரு பெயர் வந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளுக்குக் கொடுத்து, நரிக்கும் இடம் விட்ட சொல் அது. ஓநாய் அந்தப் பட்டியலில் இல்லை. பரவாயில்லை என்று அதையே எடுத்துச் சூட்டிவிட்டார்கள்: குருளையர்.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில், கழுத்தில் துண்டு முடிந்து, நழுவும் காலுறையை இழுத்துவிட்டபடி வட்டமாக நிற்கும் அந்தத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்தான் இந்தக் கதையின் முடிவு. அவர்கள் யாரும் லோபோவைக் கேள்விப்பட்டதில்லை, சிகந்தராவின் சனிச்சரையும் தெரியாது. நடுவில் நிற்கும் வாத்தியாரை 'அகேலா' என்று கூப்பிடவேண்டும், அது தெரியும். அந்த இந்திச் சொல்லுக்குத் தனியன் என்று பொருள். இருபது தொண்டைகள் ஒன்றாகக் கத்துகின்றன: அகேலா!