மாற்றுத்திறன் மாணவர்: பள்ளியும் பதினெட்டுக்குப் பின்னும் (குளத்தூர், கோவில்பட்டிக் கரிசல் வட்டாரம்)

உடலிலோ புலன்களிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடு உள்ள பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கவும், படிப்பு முடிந்தபின் தொழில், வருமானம், குடும்பம் என்று தங்கள் காலில் நிற்கவும் செய்யப்படும் ஏற்பாடுகளை இக்கட்டுரை விவரிக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் வடபாதியில் கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர் ஒன்றியங்கள் அடங்கிய கரிசல் நிலமே இதன் களம். விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் நடுவில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அது ஒரு பிள்ளையின் வீட்டு வாசல்வரை வந்து சேருகிறதா என்பது, கரிசலில், பெரும்பாலும் மண்ணையும் பஸ்ஸையும் பொறுத்தது.

நிலமும் வழியும்

பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி விளையும் மானாவாரி பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் கரிசல் பசையாகிவிடும். நடந்து போகிறவர் காலோடு ஒரு படி மண் சேர்ந்து வரும். மூன்று சக்கர வண்டியின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அதே மண் போய் அடைந்துகொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். கோடையிலோ நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஊன்றுகோலின் முனை அந்த வெடிப்புக்குள் இறங்கும். முகாமில் தரப்படும் வண்டிகளும் கோல்களும் சமதளச் சாலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இங்குள்ள பல பிள்ளைகளுக்குச் சாலை என்பது வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் தொடங்குகிறது.

சாலையும் ஊர்ப்பாதையும் சந்திக்கும் இடத்துக்கு இந்தப் பக்கத்தில் ‘விலக்கு’ என்று பெயர். பஸ் விலக்கில் நிற்கும், ஊருக்குள் வராது. காலை வண்டியைத் தவறவிட்டால் அன்றைய பள்ளிக்கூடம் போயிற்று. 2021-இல் தமிழ்நாடு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் ஒரு துணையாளருக்கும் அதை விரிவாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது நகரப் பேருந்துக்கு மட்டும். தூரத்து ஊர்களை இணைக்கும் புறநகர் வண்டியில் இந்தச் சலுகை செல்லாது. ஆகவே ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பவற்றில் எந்த வண்டி எந்த நேரத்தில் அந்த விலக்கில் நிற்கிறது என்பதும் ஒன்று. பள்ளிக்கல்வித் துறை தரும் போக்குவரத்துப் படியும் வழித்துணையாளர் படியும் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன. வழித்துணையாளர் என்று ஏட்டில் இருப்பவர் பெரும்பாலும் தாய்தான். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பவும் கூட்டவும் போனால் அவருடைய அன்றைய காட்டு வேலைக் கூலி போய்விடும் (காடு என்றால் இங்கே விளைநிலம்).

விடுதியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கு

தென்மாவட்டங்களில் சிறப்புக் கல்வி பாளையங்கோட்டையில் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆங்கிலேய மிஷன் பெண்களான ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காதுகேளாதோருக்கும் அங்கே பள்ளிகளை ஏற்படுத்தினர். இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. கரிசலில் ஒரு பிள்ளைக்குக் கண்ணோ காதோ இல்லை என்று தெரிந்தால் ‘பாளையங்கோட்டைக்கு அனுப்பு’ என்பதே பல தலைமுறைகளுக்கு ஒரே யோசனை.

விடுதிப் பள்ளி எழுத்தறிவு தந்தது, தொழில் தந்தது, தன்னைப்போன்ற தோழர்களையும் தந்தது. அதோடு ஒரு சிக்கலும் வந்தது. ஐந்து வயதில் போன பிள்ளை பதினேழில் சைகைமொழியோடு திரும்பும்போது, வீட்டில் அந்த மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. பெற்ற தாயோடு கைச்சாடையில் நாலு வார்த்தை பேசுவதோடு சரி. படித்த பிள்ளை ஊரில் மறுபடி ஊமைப் பிள்ளையானது.

இந்த முறைக்கு மாற்றாக ஒரு வழியைக் காட்டியது தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர்சேவா சங்கம். 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான உடல்திறன் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் சிறு பள்ளியாக இதைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் இணைந்தார். பள்ளியோடு நிற்காமல், கிராமங்களுக்கே சென்று மறுவாழ்வுப் பணி செய்வதும், குழந்தைப் பருவத்திலேயே குறைபாட்டைக் கண்டு பயிற்சி கொடுப்பதும் சங்கத்தின் முக்கிய வேலைகளாயின. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நிறுவியவர்களே மாற்றுத்திறனாளிகள் என்பதால் ‘வளர்ந்தபின் என்ன?’ என்ற கேள்வி அங்கே முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் திட்டங்களில் அது கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது.

அரசுத் தரப்பில், மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் முதல் மத்தியத் திட்டம் 1974-இல் வந்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் அதன் 2012 திருத்தமும் இவர்களுக்குப் பள்ளியை உரிமையாக்கின; பள்ளிக்கு வரவே இயலாத கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் தெரிவையும் தந்தன. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7-இலிருந்து 21 ஆக்கியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம், அரசுப் பணியில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஆகியவை இச்சட்டத்தின் தூண்கள்.

பள்ளிக்குள்

அன்றாட வேலை நடப்பது வட்டார வள மையத்தில், ஊரில் ‘பி.ஆர்.சி.’ என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளரும் இங்கிருந்து இயங்குகின்றனர். ஒரு சிறப்பாசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு முறை வைத்துப் போகிறார். படுக்கையில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார். பெரும்பாலோர் தொகுப்பூதியக்காரர்கள். சிறப்பாசிரியர் எண்ணிக்கைக்கு விகிதம் வகுக்கும்படி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது; தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. கணக்கு சரிதான். கரிசலில் பிள்ளைகள் பத்துப் பேரும் பத்து ஊரில் இருப்பார்கள்.

அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பார்க்கிறது. 2022-இல் பள்ளிக்கல்வித் துறை ‘நலம் நாடி’ என்ற செயலியை வெளியிட்டது. வகுப்பாசிரியரே ஐயத்துக்குரிய அறிகுறிகளைப் பதிந்து, மேல் பரிசோதனைக்கு அனுப்ப வழிசெய்தது. அதன்பின் ‘கேம்ப்’. எலும்பு, கண், காது, மனநல மருத்துவர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து விழுக்காட்டைக் குறிக்கிறார்கள். ‘பெர்சன்ட் போட்டாச்சா?’ என்பது பெற்றோர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி. 40 என்ற எண்ணைத் தொட்டால் சலுகைகள் திறக்கும். 35 வந்தால் பிள்ளையின் சிரமம் சிரமமாகவே இருக்கும், ஏட்டில் அது குறைபாடு ஆகாது.

கண்ணுக்குத் தெரிவதால் உடல் குறைபாட்டுக்கு ஏதோ ஒரு உதவி வந்துவிடுகிறது. கற்றல் குறைபாடு அப்படியில்லை. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ‘மண்டு’; தீர்ப்பு ‘சுட்டுப்போட்டாலும் படிப்பு வராது’. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற மாநிலக் கொள்கையால் அப்பிள்ளை தடையின்றி ஏறிவரும். ஒன்பதாம் வகுப்பில், ஒரு பத்தியைத் தானாக வாசிக்க முடியாமல், முட்டிக்கொண்டு நிற்கும். இந்த வட்டாரத்தில் மாற்றுத்திறன் மாணவர் படிப்பு அறுந்துபோகும் இடம் எது என்று கேட்டால், பன்னிரண்டாம் வகுப்பைச் சொல்வதைவிட ஒன்பதைச் சொல்வதே பொருந்தும்.

பொதுத்தேர்வு எழுதுவோருக்குத் தேர்வுத்துறை கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுதுபவர், சில பிரிவினருக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகியவற்றை அளிக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதுபவர் உதவி பெற 40 விழுக்காடு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று தீர்ப்பளித்தது. மொழி விலக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். கரிசலில் விலக்கு என்றால் வண்டி நிற்கும் இடம். தேர்வறையில் விலக்கு என்றால் எழுதாமல் விடும் தாள். காதுகேளாத பிள்ளைக்கு ஆங்கிலத் தாளை விலக்கினால் பத்தாம் வகுப்பு தேறும். ஆனால் அந்தச் சலுகையைக் காரணம் காட்டி ஆறாம் வகுப்பிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டால், பட்டப்படிப்பில் ஆங்கிலம் முன்னால் வந்து நிற்கும்போது யாரும் கைகொடுக்க முடியாது. சலுகை தேர்வுக்குத்தான், பாடத்துக்கு அல்ல.

பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்தபின் படிப்பை விடுவது தனிக் கதை. பள்ளியில் சாய்தளம் கட்டியிருப்பார்கள். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு இருக்காது. அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணாக இருந்தால் மாதவிடாய் நாட்களில் யார் பார்த்துக்கொள்வது என்ற ஒரே கேள்வியில் வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பதினெட்டு

பதினெட்டாம் பிறந்தநாளில் பல கதவுகள் ஒரே நேரத்தில் மூடுகின்றன. சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமை 18-இல் முடிகிறது. குழந்தைகள் நல மருத்துவக் குழுவின் எல்லை 18. வாராவாரம் வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியரின் பட்டியலிலிருந்து பெயர் நீங்குகிறது. பள்ளிக்கல்வித் துறையின் பிள்ளை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பயனாளியாகிறது. இரண்டுக்கும் இடையில் கோப்பைக் கையில் எடுத்துச் சென்று சேர்ப்பவர் தாய்தான்.

அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி, மாணவருக்கு 16 வயது ஆவதற்குள், பள்ளிக்குப் பின் என்ன செய்வார் என்பதை அவருடைய கல்வித் திட்டத்திலேயே எழுதியாக வேண்டும். இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டு வகுப்பிலேயே அப்பேச்சு தொடங்குகிறது. தேவைப்பட்டால் ஆதரவு 25 வயதுவரை நீளலாம். இந்தியச் சட்டத்தில் இதற்கு நிகரான கட்டாயம் இல்லை.

பெற்றோர் பலர் அறியாத ஒன்று பாதுகாவலர் உரிமை. 18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தனி ஆள். அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெறவேண்டும். ‘பெத்த தாய்க்கு எதுக்குச் சான்று?’ என்ற கேள்வி வங்கி வாசலில்தான் முதலில் எழும். குளத்தூரிலிருந்து இதற்குக் கோரம்பள்ளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகம்வரை போகவேண்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான உடல் பாதிப்பு உள்ளிட்ட பிரிவினருக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரியிலிருந்து 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ என்ற பெயரில் சிகிச்சையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையங்களைத் திறந்துவருகிறது. பதினெட்டில் அறுந்த பயிற்சியை மறுபடி கோக்கக்கூடிய ஏற்பாடு இது.

வேலை

கரிசலின் வேலைகள் நாலைந்துதான்: காடு, தீப்பெட்டி, கடற்கரையோர உப்பளம், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், அச்சகம், கடை வேலை. உப்பளமும் கரிமூட்டமும் உடல் வலிமை கேட்பவை. தீப்பெட்டித் தொழில் மட்டும் உட்கார்ந்து செய்யக்கூடியது. வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து தருவார்கள், ஒட்டிய பெட்டிக்கு எண்ணிக் கூலி. நடக்க முடியாதவர்களுக்கும் காதுகேளாதவர்களுக்கும் இது நெடுங்காலம் கைகொடுத்தது. ஒருகாலத்தில் இதே தீப்பெட்டிதான் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டது என்பதையும் மறக்கமுடியாது. முழு இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகியபின் இந்தக் கைவேலையும் சுருங்கிவருகிறது.

படித்தவர்களின் கண் அரசு வேலையில். 4 விழுக்காட்டில் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடல் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1. நான்காவது 1-ஐ ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோர் பகிர்ந்துகொள்கின்றனர். மதுரையைச் சேர்ந்த பார்வைத்திறன் இல்லாத பூரணசுந்தரி 2019-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். அப்படி ஒரு செய்தி வந்த வாரத்தில் எல்லா ஊரிலும் பெற்றோர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கரிசல் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எட்டக்கூடியது குரூப் 4, ஆசிரியர் பணி, ஊரில் ஒரு தையல் கடையோ கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடையோ. காதுகேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உள்ள சென்னை மாநிலக் கல்லூரி இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். உதவித்தொகையை நம்பி அவ்வளவு தூரம் அனுப்பத் துணியும் சம்சாரி (விவசாயி) வீடுகள் குறைவு.

இவை எதுவும் வாய்க்காதவர்களுக்கு நூறு நாள் வேலை இருந்தது. மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் விதி இருந்தது. கம்மாய்க் கரையில் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் அவர்களுக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டன.

இந்த வேலைகளுக்கான ஆயத்தம் பெரிய பயிற்சிக்கூடத்தில் தொடங்குவதில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை கடைக்குப் போய் நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணி வாங்கிவருவது, பார்வையற்ற பெண் கைப்பேசியில் திரைவாசிப்பானைப் பழகுவது, காதுகேளாத பையன் மனு எழுதப் பழகுவது போன்றவை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வகுப்புநேரத்துக்குள் வரவேண்டியவை. அனுபவமுள்ள சிறப்பாசிரியர்கள் இதில் முதலில் எடுத்துக்கொள்வது பஸ் பயணத்தை. முதல் வாரம் தாய் பக்கத்து இருக்கையில். அடுத்து, இரண்டு இருக்கை தள்ளி. பிறகு விலக்கில் ஏற்றிவிட்டுத் தாய் அங்கேயே நிற்கிறார். மறுமுனையில் ஆசிரியர் இறக்கிக்கொள்கிறார்.