மார்க்கான்சியா

மார்க்கான்சியா, ஈரமான மண்ணிலும் கல்லிலும் ஒட்டிப் படரும் ஈரலுருத் தாவரங்களின் பேரினம். இலங்கைப் பாடநூல்களில் பேரினம் ‘சாதி’ எனப்படும். பூ, விதை, உண்மையான வேர் எதுவும் இதற்கு இல்லை. உலகில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இதையும் பாசி என்றே சொல்வார்கள்; ஆனால் பாசி என்னும் சொல் குறிக்கும் அல்கா, மோசு இரண்டிலும் இது சேராது.

வகைப்பாடு
பிரெஞ்சுத் தாவரவியலாளர் ழான் மார்ஷான் 1713இல் தம் தந்தை நிக்கோலா மார்ஷானின் நினைவாக இப்பெயரை இட்டார். லின்னேயசு 1753இல் அதை ஏற்றார். மார்க்கான்சியேசியே குடும்பமும் மார்க்கான்சியாலெசு வருணமும் இதன் பெயரையே தாங்குகின்றன. எலேன் பிஷ்லர் 1984 முதல் 1993 வரை வெளியிட்ட மறுஆய்வுகள் இன எல்லைகளைச் சீர்செய்தன. 2016இல் பிரைசியா, புசேஜியா ஆகிய பேரினங்கள் இதனுள் சேர்க்கப்பட்டன.

அடையாளம்
உடல் கவராகக் கிளைக்கும் பச்சைப் பட்டி. மேற்பரப்பில் காற்றுத்துளைகளும், மொட்டுகள் நிறைந்த சிறு கிண்ணங்களும் இருக்கும். மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அம்மொட்டுகள் சிதறிப் புதிய தாவரங்களாகும். ஆண், பெண் உறுப்புகள் தனித்தனித் தாவரங்களில் குடைபோன்ற காம்புகளின் மேல் அமையும். இனங்களைப் பிரித்தறிய அடிப்புறச் செதில்களின் நுனியையும் பெண் குடையின் மடல்களையும் பார்ப்பர். ஓடையோரங்களில் வளரும் தூமோர்ட்டியேரா இதை ஒத்திருந்தாலும் அதற்குக் கிண்ணங்கள் இல்லை.

பரவல்
மா. பாலிமோர்பா உலகின் மிதவெப்ப நாடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. அதன் மரபணுத்தொகுதி 2017இல் வெளியானது. 1824இல் சாவகத்திலிருந்து விவரிக்கப்பட்ட மா. எமார்ஜினாற்றா இந்தியா முதல் யப்பான் வரை பரவியுள்ளது. இவ்வினமும் மா. லினியாரிசும் இலங்கையில் பதிவானவை.

ஊவாவில் வாழிடம்
பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றரிலும் நமுனுகுல உச்சி 2,036 மீற்றரிலும் உள்ளன. மத்திய மலைகளின் கிழக்குச் சரிவான இங்கு வடகீழ்ப் பருவமே முதன்மை மழைக்காலம். சூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தின் ஈரத்தை மேற்குச் சரிவுகளில் இழந்த கச்சான் காற்று வறண்டு வீசும். ஆண் கலம் நீந்திச் சென்று பெண் கலத்தை அடைய நீர்ப்படலம் தேவை. ஆகவே மழைக்காலமே இத்தாவரத்திற்குச் சாதகம். வறட்சியில் அது பீலியடி (நீர்த்தாரை விழும் இடம்), நீர் கசியும் வெட்டுச்சுவர், கானின் (வடிகாலின்) நிழற்புறம், தவறணை (நாற்றுமேடை) ஓரம் போன்ற ஈரம் நீங்காத இடங்களிலேயே நிலைக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று, மார்க்கான்சியாவை நீரோரத்திற்கு ஒதுக்கிவிடுகிறது.